நம்ம ஜில்லாவில் முதலில் மூடின கடை
(ராஜாஜியின் வாழ்க்கையும் அவர் போட்ட ஒரு சட்டத்தின் கதையும்)



நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் ஒரு கேள்வி கேட்பாங்க. இந்த ஒயின்ஷாப்பை மூடணும்னா யார்கிட்ட சொல்லணும்? ஒரு அக்கா டெல்லிக்கு எழுதலாம்பாங்க. இன்னொருத்தர் எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம்பாங்க. கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம்னு ஒருத்தர், கிராம சபையில் பேசலாம்னு ஒருத்தர். நாலு பேர் நாலு திசையில் கை காட்ட, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூட்டம் கலைஞ்சிடும்.

இந்த மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னப்போ எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. ஏன்னா, இந்தக் கேள்விக்குப் பதிலைச் செய்து காட்டினவர் ஒருத்தர் இருந்தார். அதுவும் வேற எங்கேயோ இல்லை, நம்ம சேலம் ஜில்லாவிலேயே செய்து காட்டினார். அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, நாம் சொல்கிற ராஜாஜி. அவர் செய்தது எல்லாமே நமக்குப் பிடிக்கணும்னு இல்லை. பிடிக்காததையும் சேர்த்தே எழுதியிருக்கேன்.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு

1878 டிசம்பர் 10-ஆம் தேதி ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, நம்ம ஓமலூர், திருச்செங்கோடு எல்லாமே ஒரே சேலம் ஜில்லா. அப்பா வெங்கடார்ய ஐயங்கார் ஊர் முன்சீப். அம்மா பெயர் சிங்காரம்மா. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-இல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். சீக்கிரமே பேரும் வருமானமும் வந்தது.

மனைவி அலமேலு மங்கம்மாள். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். ராஜாஜிக்கு நாற்பது வயது ஆகும் முன்னாலேயே மனைவி இறந்துபோனார். ஐந்து பிள்ளைகளோடு நின்ற அந்த மனிதர் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். இரண்டு வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். சேலம் நகராட்சியில் முதன்முதலாக ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புக்காரர் உறுப்பினராக வந்தது அவர் முயற்சியால்தான். குடிதண்ணீர், தெரு, சாக்கடை, வரி பாக்கி என்று ஒரு ஊரை நடத்துகிற கணக்கு முழுவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு காந்தியோடு சேர்ந்து வக்கீல் தொழிலை விட்டார், வேலூர் ஜெயிலுக்கும் போனார்.

புதுப்பாளையம் ஆசிரமம்

1925 பிப்ரவரி 6-ஆம் தேதி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். ஊர் ஜமீன்தார் கொடுத்த நிலத்தில் குடிசை போட்டுத் தன் பிள்ளைகளோடு போய்த் தங்கினார். சுத்துப்பட்டு ஊர்ப் பெண்கள் ராட்டையில் நூல் நூற்றுக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிப் போவாங்க. நம்ம குழுக்களுக்கு அந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கூலிக் காசு பெண் கையிலிருந்து எங்கே போகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தார். வாரச் சந்தையன்று வருகிற காசு சாயங்காலமே கள்ளுக்கடைக்குப் போனது. கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விட்டது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலப் பணம். குடிக்கிறவன் கொடுக்கிற காசில் ஒரு பங்கு நேராக அரசாங்கக் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மதுவிலக்குக்காகவே 1929-இல் விமோசனம் என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அதை நடத்தக் கூட இருந்தவர், பிறகு பெரிய எழுத்தாளராக வந்த கல்கி.

பேச்சு, பத்திரிகை, பஜனை எல்லாம் நடந்தன. ஆனாலும் கடை மூடவில்லை. கடையை நடத்துகிறதே அரசாங்கம் என்கிறபோது, குடிக்கிறவர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயன் என்ன?

அதிகாரம் யாரிடம் இருந்தது

இங்கே கொஞ்சம் சட்டம் பேசணும், பொறுத்துக்குங்க. நம்ம கேள்விக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கு.

1935-இல் வெள்ளைக்கார அரசு இந்தியாவுக்கு ஒரு புதிய சட்டம் போட்டது. அதில் வேலைகளைப் பட்டியல் போட்டுப் பிரித்தார்கள். ராணுவம், ரயில், தபால் போன்றவை மத்திய அரசுக்கு. போலீஸ், நிலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்றவை மாகாணத்துக்கு. கள், சாராயமும் மாகாணப் பட்டியலில்தான் வந்தது. பொருள் விற்பனைக்கு வரி போடுகிற அதிகாரமும் அதே பட்டியலில் இருந்தது. குடும்பத்தில் பாகம் பிரித்து, இந்தக் காடு உனக்கு, அந்தக் கிணறு எனக்கு என்று எழுதி வைக்கிற மாதிரிதான்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஜெயித்தது. அன்றைக்கு எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. பெண்களில் ஓட்டு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் அந்தச் சட்டசபையில் துணை சபாநாயகராக உட்கார்ந்தவர் ருக்மிணி லட்சுமிபதி என்ற பெண். ஜூலை மாதம் ராஜாஜி பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். நிதித் துறையையும் அவரே கையில் வைத்துக்கொண்டார்.

மூணு மாசம்கூட ஆகவில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லா முழுவதும் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூடவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜில்லாவில் முதலில் நடத்திப் பார்த்தார். போலீஸ் என்ன செய்யும், கள்ளச்சாராயம் எவ்வளவு வரும், ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வட ஆற்காடு என்று விரித்தார். நாமும் ஒரு தொழிலை ஒரு குழுவில் நடத்திப் பார்த்துத்தானே மற்ற குழுக்களுக்குச் சொல்கிறோம்.

இதில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. மரம் ஏறிக் கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் லைசென்ஸ் கொடுத்தார்கள். அது எல்லாருக்கும் போதுமான பிழைப்பாக அமையவில்லை.

காசுக்கு எங்கே போவது

வீட்டில் ஒரு வருமானம் நின்றால் அடுத்த மாசத்துக்கு வழி என்ன என்று யோசிக்கிறவர்கள் நாம். அரசாங்கத்துக்கும் அதே கவலைதான். அன்றைக்கு மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கள், சாராயத்திலிருந்து வந்தது. அதை விட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே?

ராஜாஜி மறுபடியும் அந்தப் பட்டியலைப் பார்த்தார். விற்பனைக்கு வரி போடும் அதிகாரம் மாகாணத்துக்கு இருக்கிறது. 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாப் பொருளுக்குமான விற்பனை வரி இந்தியாவில் அதுதான் முதல். சின்னக் கடைகளுக்கு விலக்கு. பெரிய வியாபாரிகள் நூறு ரூபாய் விற்பனைக்கு அரை ரூபாய் கட்ட வேண்டும். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வரி கடைசியில் வாங்குகிற ஏழை தலையில்தான் விழும் என்றும் சொன்னார்கள். அது பொய் என்று சொல்ல முடியாது. குடிக்காத வீடும் அந்த வரியில் பங்கு கொடுத்தது.

இந்த வரி கோர்ட்டுக்கும் போனது. கடலை எண்ணெய் ஆட்டி விற்கிற வியாபாரிகள், உற்பத்தி செய்தவனே முதலில் விற்கும்போது போடுகிற வரி உற்பத்தி வரி போலத்தான், அது மத்திய அரசின் பாகம், மாகாணம் எப்படிப் போடலாம் என்று வழக்குப் போட்டார்கள். 1942-இல் டெல்லியிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு மத்திய அரசே சென்னை மாகாணத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தது. 1945-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலும் மாகாணத்துக்குச் சாதகமாகவே சொன்னது. நம்ம குழு அப்பளம் போடுகிறது என்று வைத்துக்குங்க. அப்பளம் செய்ததற்கு வரி என்றால் அது மத்திய அரசின் பாகம். அப்பளத்தை விற்றதற்கு வரி என்றால் அது மாகாணத்தின் பாகம். பொருள் ஒன்றுதான், ஆனால் வேலை வேறு என்றது கோர்ட். பாகம் பிரித்த பத்திரத்தில் தகராறு வந்தால் தீர்த்து வைக்க நடுவில் ஒரு கோர்ட் வேணும் என்பது இதில் புரியும்.

கடன், ஹிந்தி, பள்ளிக்கூடம்

அதே ஆட்சியில் நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பந்தப்பட்ட இன்னொரு சட்டமும் வந்தது. 1938-இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன்னால் வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலும் வட்டியுமாகச் சேர்த்து அசலைப் போல இரண்டு பங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கந்துவட்டிக்கு வாங்கி அவதிப்பட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் அதே அதிகாரத்தை வைத்து அவர் செய்த வேறு காரியங்கள் ஜனங்களைப் புண்படுத்தின. கல்வியும் மாகாணப் பட்டியலில் இருந்தது. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். பெரிய போராட்டம் நடந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்ற பெண்கள் முன்னால் நின்றார்கள், பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து என்ற இரண்டு பேர் உயிரை விட்டார்கள். 1940-இல் அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. பிறகு 1952-இல் மறுபடி முதல்வரானபோது, 1953-இல், பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலத்தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடுகிற திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954-இல் அவர் பதவியை விட்டார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். நம்ம பிள்ளைகள் முழு நேரம் படிக்கிறார்கள் என்றால் அந்த எதிர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு.

ராஜ்பவனும் கோபாலபுரமும்

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலேயே போரில் இறக்கிவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். ராஜாஜியும் வெளியே வந்தார். மாகாணம் கவர்னர் கையில் போனது. போர் நடந்த காலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள், கடைகள் திறந்தன. ஆனால் கள்ளுக்கடை வருமானத்துக்குப் பதிலாகப் போட்ட விற்பனை வரியை எடுக்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்னு பாருங்க அக்கா. கடையை மூடுவதற்காக வந்த வரி அப்படியே தங்கியது. மூடின கடையும் திரும்ப வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜாஜி மேற்கு வங்க கவர்னரானார். 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானதும் அந்தப் பதவியே இல்லாமல் போனது. பிறகு மத்திய உள்துறை மந்திரி. 1954-இல் பாரத ரத்னா. 1959-இல் சுதந்திரா கட்சி தொடங்கினார். நகராட்சியில் தொடங்கி மாகாணம், மத்திய அரசு, நாட்டின் தலைமைப் பதவி வரைக்கும் எல்லாப் படியிலும் உட்கார்ந்து பார்த்த மனிதர்.

இதற்குள் மதுவிலக்கு மறுபடி வந்திருந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மது இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 1971-இல் புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு நிதி உதவி செய்வதாக மத்திய அரசு சொன்னது. ஏற்கனவே நடத்தி வருகிற தமிழ்நாட்டுக்கு அது கிடையாது என்றது. நஷ்டத்தைச் சுமந்தவனுக்கு ஒன்றுமில்லை, இனிமேல் சுமக்கப் போகிறவனுக்கு உதவியா என்று மாநில அரசு கேட்டது. மதுவிலக்கை நிறுத்தி வைக்க முடிவெடுத்தது.

ராஜாஜிக்கு அப்போது 92 வயது. கொட்டுகிற மழையில் முதல்வர் கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் வேறு வேறு கட்சி, வேறு வேறு வழி. ஆனாலும் அந்த வயதில் நேரில் போய்க் கேட்டார். முடிவு மாறவில்லை. 1971 ஆகஸ்ட் 30-இல் கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி காலமானார். 1974-இல் அதே அரசு மறுபடி கடைகளை மூடியதைப் பார்க்க அவர் இல்லை. 1981-இல் அடுத்த அரசு திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது.

நமக்கு இதில் என்ன

இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது அந்த 1937-ஆம் வருஷச் சட்டம்தான். பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்று மாறியிருக்கிறது. சேலத்துக் கடைகளை மூட வந்த சட்டத்தின் கீழேயே விதிகள் போட்டு டாஸ்மாக் கடைகள் நடக்கின்றன.

நாடு சுதந்திரம் அடைந்தபின் எழுதின அரசியல் சட்டத்திலும் மது மாநிலப் பட்டியலிலேயே இருக்கிறது. மருந்துக்குத் தவிர மதுவை விலக்க அரசு முயற்சி செய்ய வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டுவதுதான். செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் போய் நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது.

காசு கணக்கும் மாறிவிட்டது. ராஜாஜி போட்ட விற்பனை வரி பிறகு வாட் ஆகி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யில் கலந்துவிட்டது. இப்போது அந்த வரி விகிதத்தை மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் ஒரே கவுன்சிலில் உட்கார்ந்து பேசுகின்றன. ஒரு மாநிலம் தானாக அதைக் கூட்டிக் குறைக்க முடியாது. மதுவும் பெட்ரோல், டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி போடக்கூடிய பெரிய இடம் அதுதான். எந்தக் கட்சி வந்தாலும் கடையை மூடத் தயங்குவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சு தட்டுவோம். மாநிலம் முழுக்க மதுவிலக்கு வேணும்னா அது சட்டசபை வேலை. எம்.எல்.ஏ.விடமும் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியிடமும் கேட்கணும். கேட்கும்போது, அந்தப் பணத்துக்கு மாற்று என்ன என்பதையும் கேட்கணும். ஒரு கடை பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ பக்கத்தில் இருந்தால் கலெக்டருக்கு மனு. நகராட்சி, மாநகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கடை இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வணிகப் பகுதி என்று குறித்த இடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருஷம், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கமும் தந்தது. பெங்களூர் ரோட்டு ஓரத்தில் இருக்கிற நமக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். கிராம சபையில் தீர்மானம் போட்டால் கடை உடனே மூடிவிடாது. ஆனால் ஊர் என்ன நினைக்கிறது என்பதற்கு எழுத்துச் சாட்சி அதுதான். மனுவோடு அந்த நகலை வைத்தால் மனுவுக்கு கனம் கூடும். அளந்த தூரத்தையும் தேதியையும் எழுதி, கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி வைக்கணும்.

ராஜாஜி வாழ்க்கையில் எனக்கு மனசில் நிற்கிறது 1937-ம் 1939-ம்தான். அதிகாரம் எந்தப் பட்டியலில் இருக்கு என்று பார்த்தார். போகிற காசுக்கு மாற்றுக் காசு தேடினார். ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்த்தார். அவ்வளவு செய்தும் அவர் நாற்காலியை விட்டு இறங்கின பிறகு கடை திறந்தது. அன்றைக்கு ஓட்டே இல்லாமல் வீட்டுக்குள் இருந்த பெண்கள் அதைத் தடுக்க முடியவில்லை. இன்றைக்கு நம்ம எல்லார் கையிலும் ஓட்டு இருக்கு. குழு இருக்கு, தீர்மானப் புத்தகம் இருக்கு.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வி வரும்போது, பஸ்ஸுக்கு நேரமானாலும் அரை மணி நேரம் கூட உட்காருவோம். எந்தக் கடை, எவ்வளவு தூரம், எந்த அதிகாரி என்று முதல் வரியை எழுதிட்டுக் கிளம்புவோம்.